காற்று, பீரங்கி, சங்கு: வடசென்னையில் வேலை நாளின் வரலாறு

ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடற்கரையில், கடிகாரம் வருவதற்கு முன்பே நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிரும். அதனால் விடியலுக்கு முன் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்; அந்தக் காற்றில் கட்டுமரம் வெளியே போனது. பகலில் தரை சூடேறியதும் காற்று திசை மாறிக் கரைக்கு வரும். அந்தக் காற்றில் பாய் விரித்து மரம் திரும்பியது. போக்கும் வரவும் காற்றை நம்பியிருந்த தொழிலில் நாளை வேறு விதமாக வகுக்க வழியில்லை. புறப்படும் நேரத்தை விடிவெள்ளியும் ஆறுமீனும் காட்டின. கோடையில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதித்தால் மரம் கரை சேர்வதும் தாமதமாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை ஓங்கினால் சில நாள்கள் கடலுக்கே போக முடியாது. அந்த நாள்கள் வலை பொத்தவும் பாய் தைக்கவும் போயின.

எண்ணூருக்கு வடக்கே, உப்பங்கழியின் தொடர்ச்சியில் உள்ள பழவேற்காடு ஏரியில் இதைவிட நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே மீன்பிடிப்பு 'பாடு' என்ற முறையில் நடக்கிறது. இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. வலை போட விரும்பும் குடும்பங்களோ பல. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, முறை வைத்துச் சுற்றி வருகிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகக் கிடைப்பதில்லை. மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழுவதில்லை. முறை வராத நாளில் அவர் வேறு வேலை பார்க்கலாம், ஓய்வெடுக்கலாம். நேரப் பங்கீடு பற்றிய இன்றைய அறிவுரைகள் பெரும்பாலும் தனி மனிதனை நோக்கியே பேசுகின்றன. பாடு முறை அதே சிக்கலை ஊர்ச் சிக்கலாக எடுத்துக்கொண்டு தீர்த்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு முயன்றாலும் ஒரே நேரத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட முடியாது என்ற உண்மையிலிருந்து அது தொடங்குகிறது.

கரையில் இருந்தவர்களின் பொழுதைக் கோயிலும் தேவாலயமும் பகுத்தன. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்ற கணக்கில், கன்னல் எனப்படும் நீர்க்கடிகாரத்தால் பொழுது அளந்த வழக்கம் தமிழில் சங்க காலத்திலேயே உண்டு. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் காலப் பூசைகளும், ராயபுரத்தில் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பிய புனித பேதுரு ஆலயத்தின் மணியும் அக்கம்பக்கத்தாருக்குப் பொழுது சொல்லின. நல்ல காரியத்தைத் தொடங்கும் முன் ராகுகாலம் பார்க்கும் வழக்கமும் நாளில் ஒன்றரை மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி வைத்தது. இவற்றில் எதுவும் ஒருவரை நிமிடக் கணக்கில் விரட்டவில்லை.

பழைய சென்னைத் துறைமுகத்தின் வேலையும் அப்படித்தான் இருந்தது. துறைமுகம் என்ற பெயரே அதற்கு அதிகம். திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் ஆள்களையும் கரைக்குக் கொண்டுவந்தன. அலை பொங்கினால் வேலை இல்லை. புயல் பருவத்தில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, கப்பல்கள் இந்தக் கரையைத் தவிர்த்தன. படகுக்காரர்களின் ஆண்டு இப்படி இரண்டாகப் பிரிந்திருந்தது: ஓயாத வேலை உள்ள மாதங்கள், வருமானம் இல்லாத மாதங்கள். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாயாக நீண்டது. அதில் விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகள் சாதகமான காற்று இருந்தால் பாயிலும், இல்லாவிட்டால் கோல் ஊன்றியும், கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் நகர்ந்தன. எப்போது வந்து சேரும் என்று யாரும் மணிக்கணக்கில் வாக்குக் கொடுக்கவில்லை.

வாக்குக் கொடுக்கும் காலம் ரயிலோடு வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. நெடுந்தூண்கள் கொண்ட அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டிகள் ஓடும்போது இரண்டு நிலைய மாஸ்டர்களின் கடிகாரங்கள் வேறுபட்டால் விளைவு உயிரிழப்பு. எனவே எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தைக் கொடுக்கும் இடம் சென்னையிலேயே இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்திருந்தார். அந்தக் கணக்கின்படி சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் ஏறத்தாழ நடுவில் விழுந்ததால், 1870-களிலிருந்து நாட்டின் ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. வானாய்வகக் கடிகாரத்தோடு இணைத்து, தினமும் இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள். கையில் கடிகாரம் இல்லாதவர் காதிலும் அரசாங்க நேரம் விழத் தொடங்கியது.

1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டன; சென்னை மாற்றத்தை உடனே ஏற்றது. இரண்டாம் உலகப் போரில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாடு முழுவதும் கடிகாரம் மேலும் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. காலை 6 மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் சூரியக் கணக்கில் 5 மணிக்கே வாசலில் நிற்க வேண்டியிருந்தது. போர்க்காலச் சிக்கனத்துக்காகச் செய்த இந்த மாற்றத்தில் விடியற்காலை இருட்டு யார் பங்கில் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலின் நேரம் பயணிகளைத்தான் கட்டுப்படுத்தியது. ஒரு பகுதி மக்களின் முழு நாளையும் கையில் எடுத்துக்கொண்டது பஞ்சாலை. பின்னி நிறுவனம் 1870-களிலும் 1880-களிலும் பெரம்பூர்ப் பக்கம் நிறுவிய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் சங்கு ஓசைக்குப் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி மக்கள் எழுந்தார்கள். சங்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊதும். முதல் ஊதலுக்கு எழுந்து, அடுத்ததற்குத் தெருவில் இறங்கி, கடைசி ஊதலுக்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் கூலி பிடிப்பு அல்லது அன்றைய வேலையே போச்சு. வீட்டில் கடிகாரம் வாங்க வசதியில்லாதவருக்கு அந்தச் சங்குதான் கடிகாரம். ஆலையில் வேலை பார்க்காத குடும்பங்களும் அடுப்புப் பற்றவைக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பவும் அதையே கேட்டன. ஆனால் அந்தக் கடிகாரத்தின் சாவி முதலாளி கையில் இருந்தது. தொழிலாளி தன் நேரத்தை அவருடைய கடிகாரத்தோடு ஒப்பிட்டு முறையிட முடியாது.

ஆலை வேலைக்குச் சட்டம் எல்லை போட்டது மிக மெதுவாக. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 முதல் 12 வயதுக் குழந்தைகளின் வேலையை நாளுக்கு 9 மணி நேரமாகக் குறைத்ததோடு நின்றது. 1891-இல் பெண்களுக்கு 11 மணி நேரமும் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் வந்தன. வளர்ந்த ஆண் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று முதன்முதலாக எல்லை வகுத்தது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் ஜவுளி ஆலைகளுக்கு மட்டும், 12 மணி நேரம். அதற்கு முன் சூரிய வெளிச்சம்தான் எல்லை. மின்விளக்கு வந்த பிறகு அந்த எல்லையும் அழிந்தது. தொழிலாளருக்கு நன்மை தரும் என்று கருதத்தக்க கண்டுபிடிப்பு வேலை நாளை நீட்டவே முதலில் பயன்பட்டது.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதை நேரத்திலிருந்து தொடங்குகிறது. பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் வந்து போகும் கடை ஒன்றை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையில் ஈடுபட்டிருந்தார்கள். மாலையில் கதை கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளையும் அங்கே பேசினார்கள். கூலி, மேஸ்திரிகளின் அடி உதை ஆகியவற்றோடு திரும்பத் திரும்ப வந்த ஒரு குறை, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அந்தச் சிறு பொழுதுக்குள் தறியை விட்டு இறங்கி, கூட்டத்தைத் தாண்டி வெளியே வந்து, கைகழுவி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை விழுங்கிவிட்டு, கேட் மூடுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். சோறு கொண்டுவந்த பெண்களும் பிள்ளைகளும் வாசலில் வெயிலில் நிற்பார்கள். இந்த நிலைமையை நேரில் பார்த்த பி.பி. வாடியாவின் தலைமையில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படும் அமைப்பின் தொடக்கக் கோரிக்கைகளில், உட்கார்ந்து சோறு தின்ன இன்னும் சில நிமிடங்கள் என்பதும் இடம்பெற்றது. உழைப்பின் வரலாற்றில் பெரிய சொற்களுக்கு இடையே இந்தச் சிறு கோரிக்கை மறைந்துவிடக் கூடாது.

தொடர்ந்த போராட்டங்கள் கடுமையானவை. 1920, 1921-ஆம் ஆண்டுகளில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. 1921-இல் சமூகப் பிளவு புளியந்தோப்பில் கலவரமாக வெடித்துத் தொழிலாளர் ஒற்றுமையை உடைத்தது. நிறுவனம் வாடியா உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றது. தொழிற்சங்கம் அமைப்பதே சட்டப்படி ஆபத்தானதா என்ற கேள்வியை அந்த வழக்கு எழுப்ப, 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது.

எட்டு மணி நேர வேலை என்ற முழக்கத்தைச் சென்னைக்கு வெளிப்படையாகக் கொண்டுவந்தவர் ம. சிங்காரவேலர். 1860-இல் சென்னையில் மீனவச் சமூகத்தில் பிறந்து வழக்கறிஞரான அவர், 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல் முறை. காற்றைப் பார்த்து வேலை தொடங்கிய சமூகத்தில் பிறந்தவர், சங்கு கேட்டு வேலை தொடங்கியவர்களுக்காகப் பேசினார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

முதலாளிகள் தரப்பு வாதம் எப்போதும் ஒன்றே: நேரம் குறைந்தால் உற்பத்தி குறையும். அந்த நம்பிக்கையை வெளிநாட்டு அனுபவம் அப்போதே அசைத்திருந்தது. ஜெர்மனியின் ஜெய்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் எர்ன்ஸ்ட் ஆபே 1900-இல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தபோது உற்பத்தி குறையவில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எச்.எம். வெர்னன் எடுத்த கணக்குகளும், அளவுக்கு மீறிய நேரத்தைக் குறைத்தால் மொத்த உற்பத்தி அப்படியே நிற்கிறது, சில வேலைகளில் கூடவும் செய்கிறது என்று காட்டின. களைத்த கை மெதுவாகிறது, தவறு செய்கிறது, விபத்துக்கு உள்ளாகிறது. வேலையை நன்றாகச் செய்ய வேண்டுமானால் வேலை செய்யாத நேரத்தை முதலில் வகுக்க வேண்டும் என்பது இந்த ஆய்வுகளின் சாரம். இந்தியாவில் அது சட்டமாக நெடுநாளானது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளுக்கு 10 மணி, 54 மணி என்றது. 1946-இல் 9 மணி, 48 மணி என்று குறைந்தது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவற்றையெல்லாம் திரட்டி ஒரு நாளின் வரைபடமாக்கியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு நாள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. பெண்களுக்கு இரவு 7 முதல் காலை 6 வரை வேலை கிடையாது என்றும் அது சொன்னது. இவற்றோடு அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் அதில் இருந்தது. எந்தப் பிரிவுத் தொழிலாளி எத்தனை மணிக்குத் தொடங்குவார், எப்போது ஓய்வு, எத்தனை மணிக்கு முடிப்பார் என்ற அறிவிப்பை, ஆங்கிலத்திலும் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் எழுதி, வாசலருகே ஒட்டி வைக்க வேண்டும். அதில் இல்லாத நேரத்தில் வேலை வாங்கினால் அது குற்றம். சங்கு முதலாளியின் குரலாக மட்டும் இருந்த காலம் அந்தத் தாளோடு முடிந்தது. தொழிலாளியும் சுட்டிக்காட்டக்கூடிய நேரம் ஒன்று சுவரில் ஏறியது.

இந்தச் சட்டத்தின் கீழ்தான் திருவொற்றியூரும் எண்ணூரும் தொழிற்பேட்டைகளாக வளர்ந்தன. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட், அதே 1955-இல் வந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, ஒரு பேட்டைக்கே பெயர் தந்த விம்கோ தீப்பெட்டி ஆலை ஆகியவை ஒரே சாலையை ஒட்டி அமைந்தன. அவற்றுக்குப் பின் 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. இவை இரண்டும் முந்தையவற்றிலிருந்து ஒரு வகையில் வேறானவை. தறியை நிறுத்திவிட்டு மறுநாள் ஓட்டலாம். கொதிகலனையும் வடிகோபுரத்தையும் அப்படி நினைத்தபோது நிறுத்தவோ தொடங்கவோ முடியாது. இரவும் ஞாயிறும் தீபாவளியும் அவற்றுக்கு இல்லை. எட்டு மணி நேரத்தை மூன்றால் பெருக்கினால் சரியாக ஒரு நாள் என்பது அங்கே ஷிப்டு முறையாக உருவெடுத்தது.

மூன்று ஷிப்டு வாரந்தோறும் சுற்றி வரும் குடும்பத்தின் நாள் வாரத்துக்கு வாரம் வேறு. முதல் ஷிப்டு வாரத்தில் வீட்டுப் பெண்ணுக்கு நாள் நான்கு மணிக்குத் தொடங்கும்; சோறும் குழம்பும் ஆகி, டிபன் கேரியர் மூடி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டினால்தான் 6 மணி ஷிப்டுக்கு ஆள் போக முடியும். 2 மணிக்கு வேலை முடிந்து வருபவருக்கு மாலை முழுவதும் கையில் இருக்கும்: சங்கக் கூட்டம், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளி, கேரம் மன்றம், குத்துச்சண்டைப் பயிற்சி, கால்பந்து. வடசென்னையின் விளையாட்டு மரபுக்கு இந்த மாலைகளே அடிப்படை. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அப்பாவும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது. நைட் ஷிப்டு வாரத்தில், ஓர் அறையே உள்ள வீட்டில் பகலில் ஒருவர் தூங்க வேண்டும். பிள்ளைகள் வாசலில் இருக்க வேண்டும், ரேடியோ மௌனமாக இருக்க வேண்டும், குழாயடிச் சண்டை சற்றுத் தள்ளி நடக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரமோ எந்த ஷிப்டையும் மதிப்பதில்லை. அதற்கு விழித்திருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. ஆணின் எட்டு மணி நேரத்துக்குச் சட்டம் இருந்தது; அந்த எட்டு மணி நேரத்தைச் சாத்தியமாக்கிய பெண்ணின் வேலைக்கு எந்தச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டப்படவில்லை.

துறைமுகத் தொழிலாளியின் சிக்கல் வேறு. ஆலைத் தொழிலாளிக்கு நேரம் நீளமாக இருந்ததே குறை. துறைமுகக் கூலிக்கு நேரமே நிச்சயமில்லை. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881 புயலில் சிதைந்து, 1896-இல் முடிந்த செயற்கைத் துறைமுகம் கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்தது. மசூலாப் படகுக்காரர்களின் வேலை அதோடு தேய்ந்தது. துறைமுகத்தின் தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடபுறம் ராயபுரக் கரையைக் கடல் அரித்தது. மரம் இழுத்துப் போடவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளியை மீனவர்கள் இழந்தார்கள். சரக்கு இறக்கும் புதிய வேலைக்குக் காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி விரல் நீட்டியவருக்கு வேலை, மற்றவர் வீடு திரும்ப வேண்டும். கப்பல் வந்தால் இரவு பகல் வேலை, வராவிட்டால் பட்டினி. நாளைய தினம் என்ன என்று தெரியாதவர் நாளைத் திட்டமிட முடியாது. 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்தச் சொன்னது. 1948-இல் அதற்கான சட்டம் வந்து, 1950-களில் சென்னையில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவுபெற்றவர்கள் முறைப்படி வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். வந்து நின்று வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு தொகை கிடைத்தது, மாதத்தில் குறைந்தபட்ச நாள்களுக்குக் கூலி உறுதியானது. பழவேற்காட்டுப் பாடு முறையின் நியாயம், அதைப் பார்த்துச் செய்யாமலேயே, துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. கடன் வாங்காமல் மாதத்தைக் கடத்தலாம் என்ற நம்பிக்கை பல குடும்பங்களுக்கு அப்போதுதான் வந்தது.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது. நூறு பேர் பல நாள் இறக்கிய சரக்கைக் கிரேன் சில மணி நேரத்தில் இறக்கியது. கப்பல் காத்திருக்கும் நேரம் குறைந்தது. மிச்சமான நேரம் துறைமுகத்தின் கணக்கில் சேர்ந்தது. காத்திருப்பு மட்டும் வாசலுக்கு வெளியே, டிரெய்லர் ஓட்டுநர்களின் தலையில் ஏறியது. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் வரிசையில் நின்று, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கிய ஓட்டுநர்களின் நாளை எந்த ஷிப்டுப் பட்டியலிலும் காண முடியாது. 2001-இல் எண்ணூரில் இன்னொரு பெருந்துறைமுகம் இயங்கத் தொடங்கியது.

பழைய ஒழுங்கு ஒரே நாளில் உடையவில்லை. பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. ஒரே தொழிற்சாலைக்குள் நிரந்தரத் தொழிலாளர் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினார்கள். அவர்களுக்கும் சட்டம் அதே எட்டு, ஒன்பது மணி நேரத்தையே சொல்கிறது. ஆனால் நாளை வேலை உண்டா என்பதை ஒப்பந்தக்காரரின் போன் சொல்லும்போது, 'டபுள் டூட்டி பார்க்கிறாயா' என்ற கேள்விக்கு மாட்டேன் என்று சொல்வது எளிதல்ல. 1948-இல் துறைமுகத்தில் ஒழிக்க முயன்ற நிச்சயமின்மை, வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று, சில தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி என்ற எல்லை மாறாது, நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்பது அரசின் விளக்கம். இயந்திரத்தின் முன் ஒன்பதாவது மணிக்கும் பன்னிரண்டாவது மணிக்கும் உள்ள வேறுபாடு வாரக் கணக்கில் தெரியாது என்றன தொழிற்சங்கங்கள். கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சிங்காரவேலரின் மே தினத்துக்கு நூறாண்டு நிறைந்த 2023 மே 1 அன்று, திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

கடலில் போவோரின் நாளும் இப்போது பழைய காற்றை நம்பி இல்லை. விசைப்படகு வந்த பின் திசை பார்க்க வேண்டியதில்லை. ஐஸ் வந்த பின் அன்றன்றே திரும்ப வேண்டியதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் லாஞ்சுகள் பல நாள் கடலில் தங்கி வருகின்றன. மீன் குறைந்தபோது அரசு ஆண்டுக்கு ஓர் ஓய்வை விதித்தது. 2001 முதல் 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017-இல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதம் படகைக் கரையேற்றிப் பலகை மாற்ற, வண்ணம் அடிக்க, எஞ்சின் பிரித்துப் பார்க்கப் போகிறது. மீனுக்கு விடப்பட்ட ஓய்வு படகுக்கும் கிடைக்கிறது. தடைக்கால நிவாரணத் தொகை வாங்கும் குடும்பங்களுக்கு அது நெருக்கடியான காலமும்கூட.

காசிமேட்டில் நாள் நள்ளிரவுக்குப் பின்னர் தொடங்குகிறது. விளக்கு வெளிச்சத்தில் படகிலிருந்து கூடை இறங்குகிறது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால் எனத் தரம் பிரித்துத் தரையில் கொட்டுகிறார்கள். ஏலக்காரர் விலை கூற, சுற்றி நிற்பவர்கள் கண்ணசைவிலும் கையசைவிலும் கேட்கிறார்கள். ஏலத்தில் பெருந்தொகை போட முடியாத சில்லறை வியாபாரிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, விடிவதற்குள் அவரவர் தெருமுனைக்கும் சந்தைக்கும் போய்ச் சேர வேண்டும். மீன் காலையில் விற்றால்தான் விலை. மதியம் வரை விற்று, மிச்சத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளி, வீடு திரும்பிச் சமைத்து, மாலையில் சிறிது தூங்கி, மறுபடி நள்ளிரவில் எழுகிறார்கள். வேலை நேரத்தை அளக்கும் எந்தச் சட்டத்துக்குள்ளும் இந்தப் பெண்கள் வருவதில்லை. முதல் பேருந்துகூட ஓடாத நேரத்தில் காசிமேட்டு ஏலத்துக்கு வந்து சேர அவர்கள் சொந்தச் செலவிலேயே வண்டி பிடிக்கிறார்கள்.